உண்ணாமலை அடி

திருச்செங்கோட்டுக்குத் தெற்கே, கிணற்றுப் பாசனத்தில் மாட்டுத் தீவனத்துக்கு மக்காச்சோளம் போடுகிற காடுகளில் ஓர் அளவு வழக்கத்தில் இருக்கிறது. எந்தக் கடை டேப்பிலும் அதைப் பார்க்க முடியாது. விதைக்கு விதை எவ்வளவு இடம் விடுகிறீர்கள் என்று கேட்டால், "உண்ணாமல அடிக்குத்தானுங்க" என்பார்கள். கேட்ட வெளியூர்க்காரர் ஏதோ மலையடிவாரத்துக் கோயில் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போவார். உண்ணாமலை மலையும் இல்லை, சாமியும் இல்லை. கூலிக்கு விதை ஊன்றப் போகிற பெண். அடி என்பது அவளுடைய பாதம். குதிகாலில் தொடங்கிப் பெருவிரல் நுனியில் முடியும்போது ஒன்பது அங்குலம்.

அவள் வேலை செய்கிற விதத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். உழுது பார் பிடித்த நிலத்தில், அந்த மண்வரப்பின் மேல், அடியோடு அடி ஒட்ட நடப்பாள். ஒரு காலின் விரல் நுனியைத் தொட்டுக்கொண்டு அடுத்த காலின் குதி. ஒவ்வொரு பாதமும் முடிகிற இடத்தில், கையிலிருக்கும் கூர்சீவிய குச்சியால் ஒரு குத்து. பின்னால் வருகிறவள் குழிக்கு ஒரு விதை போட்டு மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே வருவாள். குனிய வேண்டாம், அளக்க வேண்டாம், எண்ண வேண்டாம். ஆளாளுக்குத் தன் காலை வைத்து நடந்தால் காடு ஓரிடத்தில் பல்லைக் காட்டும், ஓரிடத்தில் முட்டி மோதும். அதனால் முன்னால் நடப்பது உண்ணாமலை மட்டும்தான். மற்றவர்கள் விதைக்கூடையோடு பின்னால்.

இந்த முன்னால் நடக்கிற இடம் அவளுக்குச் சும்மா வரவில்லை. கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து குழந்தைவேலுக்கு வாக்கப்பட்டு வந்தவள். வந்த புதிதில் அவள் பேச்சில் 'ங்க' இருக்காது. "ஏன்", "ஆமா", "சரி" என்று மொட்டையாகத்தான் பதில் வரும். இந்த ஊர்க்காரர்களுக்கு அது போதாதா? மரியாதை தெரியாத புள்ள என்று ஒதுக்கி, வேலைக்குக் கூப்பிட்டாலும் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். ஒருமுறை ஆள் குறைவு என்று அவளைப் பாரில் இறக்கினார்கள். முளைத்து வந்ததும் காட்டுக்காரர் குச்சி வைத்து அளந்து பார்த்தார். இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் இம்மி பிசகவில்லை. அன்றைக்கு முன்னால் போனவள்தான். பிறகு 'ங்க'வும் தானாக ஒட்டிக்கொண்டது. ஊர் அவளை ஏற்றுக்கொண்டது காலைப் பார்த்து என்பது அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்தால் என்ன தப்பு?

அங்குலக் கணக்கில் இத்தனை கறார் எதற்கு என்று கேட்கலாம். மக்காச்சோளம் பொல்லாத பயிர். நெல்லைப்போலத் தூர் கட்டி இடத்தை நிரப்பிக்கொள்ளாது. ஒரு விதைக்கு ஒரு தட்டு, அதாவது ஒரு தண்டு; ஒரு தட்டுக்கு ஒரு கருது, அதாவது ஒரு கதிர். அவ்வளவுதான். கலக்கமாக, இடம் விட்டுப் போட்டால் கருது கொழுகொழு என்று இருக்கும், ஆனால் காடு காலியாகக் கிடந்து வண்டி நிறையாது. நெருக்கிப் போட்டால் வண்டி நிறையும். வெயிலுக்கு ஒன்றையொன்று முந்திக்கொண்டு தட்டு நெடுநெடுவென்று ஏறும், தண்டு சன்னமாகும், கருது பொக்காகும், பல தட்டில் கருதே இருக்காது. தீவனத்துக்குத்தானே, கருது எதற்கு என்பது விவரம் தெரியாத பேச்சு. கருதில் பால் பிடித்துக் கெட்டியாகிற சமயத்தில் அதோடு சேர்த்து வெட்டி, நறுக்கி, குழியில் மிதித்து மூடினால்தான் மாட்டுக்குத் தெம்பு. வெறும் தட்டு வயிற்றை நிரப்பும், மடியை நிரப்பாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் உண்ணாமலையின் இடது காலில் முள் ஏறியது. சர்க்கரை உடம்பு, ஏறியதே தெரியவில்லை. தெரிந்தபோது கால் கறுத்துப் போயிருந்தது. குழந்தைவேல் மொபெட்டில் உட்கார வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். இடது காலில் ஐந்து விரலையும் எடுத்துத்தான் மீதிக் காலைக் காப்பாற்ற முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மெத்தென்ற ஒரு ஜோடிச் செருப்பைக் கொடுத்து, இனி வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் விதை ஊன்றுகிற மண்ணில் செருப்புக் காலை வைக்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் இல்லை. அது டாக்டருக்குத் தெரியாது. இவளும் சொல்லவில்லை.

புண் நன்றாக ஆறி எழுந்து நடமாடியபோது வைகாசி பிறந்திருந்தது. கதிர்வேல் விதைப்புக்கு ஆள் சொல்ல வந்தான். அவன் ரிக் வண்டியோடு வடக்கே ஊர் ஊராகப் போர்வெல் போட்டுத் திரிந்துவிட்டு, இப்போது பத்துப் பன்னிரண்டு கறவை மாடு கட்டிப் பால் ஊற்றுகிறவன். வாசலில் நின்றபடி அவள் காலைப் பார்த்தான், பிறகு பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"முடியுமாங்கக்கா? இல்லீன்னா இந்த வாட்டி மயிலம்மாள முன்னால உட்டுப் பாக்கலாம்."

அந்தப் பேச்சு அவளுக்குச் சுரீர் என்றது. மயிலம்மாள் பாதம் வாத்துப் பாதம். அவள் முன்னால் போவதா?

"ஏனுங்க தம்பி, வெரலுதான போச்சு, அளவா போச்சு? விதைய வாங்கி வெய்யுங்க, வாரேன்."

விதைப்பு அன்று செருப்பை வரப்பில் கழற்றி வைத்தாள். பழைய சேலைக் கிழிசலை இடது காலில் சுற்றிக் கட்டிக்கொண்டு பாரில் ஏறினாள். பின்னால் விதைக்கூடையோடு சரிதா. பக்கத்து வீட்டு மருமகள், ஆட்டையாம்பட்டியில் பிறந்தவள், உண்ணாமலையை அத்தை என்று கூப்பிடுகிறவள். உண்ணாமலை பழையபடியே நடந்தாள். அடியோடு அடி, பாதம் முடிகிற இடத்தில் ஒரு குத்து. வலித்தது, ஆனாலும் வேகம் குறையவில்லை. அந்திக்குள் பாதிக் காடு முடிந்தபோது, பழைய இடத்துக்கு வந்துவிட்டோம் என்று மனசுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

பயிர் கிளம்பியது பாருங்கள், ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். கருகரு என்று, ஆள் நுழைய முடியாமல், சுற்றுவட்டாரத்தில் எந்தக் காட்டையும்விட உயரம். பக்கத்துக் காட்டு மோகன்குமார், பச்சைத் தட்டை வெட்டி டெம்போவில் ஏற்றி மாட்டுப் பண்ணைகளுக்கு எடை போட்டு விற்கிறவன், வரப்பில் நின்று வாயைப் பிளந்தான். எல்லாரும் உண்ணாமலை கையைப் பிடிக்காத குறை. ஒருத்தராவது குனிந்து அடித்தண்டைப் பார்க்க வேண்டுமே? பார்க்கவில்லை.

கருது விடுகிற பருவம் வந்தபோது வேஷம் கலைந்தது. ஒரு தட்டில் கருது இருந்தால் பக்கத்துத் தட்டு மலடு. இருந்த கருதும் விரல் பருமன். தண்டு சன்னம். ஆடிக் காற்று ஒரே ஒரு மத்தியானம் சுழற்றி அடித்ததில் கிழக்குப் பக்கம் முழுக்கப் பாய் விரித்ததுபோலப் படுத்துவிட்டது. அறுக்கிற மிஷின் உள்ளே இறங்க முடியாது. அரிவாள்தான்.

கதிர்வேல் முதலில் விதையைத் திட்டினான். அதே விதை மற்ற காடுகளில் நன்றாக இருந்தது. யூரியாவைத் திட்டினான். மற்ற காடுகளுக்கும் அதே யூரியாதான். கடைசியில் ஒரு தட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சொன்னான்: "அடி சரியாத்தான் இருக்கும். குழிக்கு ரெண்டு விதை உழுந்திருக்கு. அதான் நெருங்கிப்போச்சு."

எல்லார் கண்ணும் சரிதா பக்கம் திரும்பியது. ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம். உண்ணாமலை பொறுக்கவில்லை.

"நாங் குத்துனது அளவு பிசகாமத்தான் இருக்கும். இவ கை கொஞ்சம் ஓட்டைக் கை. கூடையப் புடிச்சா அள்ளி அள்ளிப் போடுவா."

"அத்தே, ஆட்டையாம்பட்டிக் கைங்க இது" என்றாள் சரிதா. "முறுக்கு மாவ ஒரே பருமனா சுத்துற கை. ஒண்ணுக்கு ரெண்டு போடமாட்டேனுங்க."

"போட்டது காட்டுல நிக்குது, பாரு" என்றாள் உண்ணாமலை.

அதற்குப் பிறகு சரிதாவை யாரும் விதைப்புக்குக் கூப்பிடவில்லை. ஓட்டைக் கை என்ற பேர் அவளுக்கு முன்னால் ஒவ்வொரு காடாகப் போய்ச் சேர்ந்தது. அவள் தாய் வீட்டுக்குப் போய் முறுக்குச் சுற்ற உட்கார்ந்துவிட்டாள்.

சாய்ந்த பயிரில் ஒரு பங்கை மோகன்குமார் எடை போட்டு வாங்கிக்கொண்டான். மீதியை அறுத்து முடித்த அன்று, உண்ணாமலை அடிக்கட்டைகளுக்கு நடுவே பாரில் நின்றாள். மற்றவர்கள் கட்டு தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். பழக்கம்தான், வேறு ஒரு நினைப்பும் இல்லை, கட்டைகளின் ஓரமாகவே பாதத்தை வைத்து நடந்தாள். வலது கால் கட்டைக்குக் கட்டை கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்து இடது கால். அதுவும் பொருந்தியது. விரல் இல்லாத, இரண்டரை அங்குலம் குறைந்த கால், கட்டைக்குக் கட்டை கச்சிதமாகப் பொருந்தியது.

இன்னும் நாலடி நடந்து பார்த்தாள். ஒரு இடைவெளி நெட்டை, ஒரு இடைவெளி குட்டை, ஒரு நெட்டை, ஒரு குட்டை. காடு முழுக்க அவள் நொண்டி நடந்த நடை அப்படியே முளைத்து நின்றிருந்தது. ஆறு தட்டு நிற்க வேண்டிய இடத்தில் ஏழு நின்றிருக்கிறது. அதிலும் ஜோடி ஜோடியாக ஒட்டி நின்று, ஒன்று இன்னொன்றின் சோற்றைப் பிடுங்கித் தின்றிருக்கிறது. குனிந்து வேரைக் கிளறிப் பார்த்தாள். குழிக்கு ஒரே ஒரு கட்டை. எங்கே கிளறினாலும் ஒன்றுதான். சரிதாவின் கை ஒரு விதைகூடத் தவறவிடவில்லை.

"உண்ணாமலக்கா, வாரீங்களா இல்லியா?" என்று மயிலம்மாள் தூரத்திலிருந்து கத்தினாள்.

"வாரேன்" என்றாள். தட்டுச் சுமையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் டிராக்டர் வந்து கட்டைகளை உழுது புரட்டிவிட்டது. இனி யார் வந்து அளந்தாலும் ஒன்றும் தெரியாது. நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? இருக்க முடியவில்லை. சொன்னால் முன்னால் நடக்கிற இடம் போகும், இத்தனை வருஷம் காலை வைத்துச் சம்பாதித்த பேர் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஓட்டைக் கை என்ற பேர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். சோற்றில் கை வைத்தால் அந்த நினைப்பு, தண்ணீர் மொண்டால் அந்த நினைப்பு.

குழியில் போட்ட தீவனத்தைப் புரட்டாசி வாக்கில் பிரித்தார்கள். மாடுகள் ஆவலாகத்தான் தின்றன. பாலில் கொழுப்பு இறங்கியது. கதிர்வேலின் மனைவி தீபிகா சொசைட்டியிலிருந்து கேனோடு திரும்பி வரும்போதெல்லாம், "வயிறு முட்டத் திங்குது, பால் தண்ணியா வருது. அந்த ஓட்டைக் கைக்காரி நல்லா இருக்கட்டும்" என்று வைதாள். அவர்கள் கொட்டகையில் கூலிக்குச் சாணி அள்ளிக்கொண்டிருந்த உண்ணாமலை அதைக் கேட்டாள். கூடையை அங்கேயே வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். வீட்டுக்குப் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஆட்டையாம்பட்டியில் சரிதா சம்மணம் போட்டு உட்கார்ந்து, துணியின் மேல் மாவை முறுக்கி முறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள். வந்தவளை நிமிர்ந்து பார்த்தாள், கை நிற்கவில்லை.

"வாங்கத்தே" என்றாள், கடனுக்கு.

"அம்மிணி, உன்ற கை இல்ல. என்ற காலு." உண்ணாமலை செருப்பைக் கழற்றி, இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துக் காட்டினாள். சரிதா பார்த்தாள். புரிந்துவிட்டது. விதைக்கூடையோடு அந்தக் காலுக்குப் பின்னாலேயே நடந்தவள் அல்லவா?

"எப்பத் தெரியும்?"

"அறுத்த அன்னிக்கே."

சரிதாவின் கை அப்போதுதான் நின்றது. "இத எங்கிட்ட வந்து சொல்லி என்னங்கத்தே ஆவப் போவுது? யாரு முன்னால ஏசுனீங்களோ அவிய முன்னால சொல்லுங்க. அப்ப வாரேன்" என்றாள். ஒரு முறுக்குகூட எடுத்துக்கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் உண்ணாமலைக்குத் தொண்டையில் இறங்கியிருக்காது.

அடுத்த விதைப்புக்குக் காடு தயாரான அன்று எல்லாரும் வரப்பில் கூடினார்கள். மோகன்குமாரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தான். சரிதாவைப் பார்த்ததும் கதிர்வேல் முகத்தைச் சுளித்தான். "இவங்கள யாரு கூப்பிட்டது?"

"நாந்தானுங்க தம்பி" என்றாள் உண்ணாமலை. வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணில் இறங்கி, வலது காலையும் இடது காலையும் பக்கத்தில் பக்கத்தில் அழுத்தி எடுத்தாள். "நல்லாப் பாருங்க. இதுதான் உங்க காட்டுல முளைச்சுது. கட்டையக் கிளறிப் பாத்தனுங்க, குழிக்கு ஒண்ணுதான் இருந்துது. இந்தப் புள்ள கை சுத்தம். இவளத் திட்டுனது எம்பட தப்பு. தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தது அதைவிடப் பெரிய தப்பு."

ஈர மண்ணில் ஒரு நெட்டைத் தடமும் ஒரு மொட்டைத் தடமும் கிடந்தன. கதிர்வேல் குத்துக்காலிட்டு விரலை மடக்கி இரண்டையும் அளந்தான். மயிலம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். உண்ணாமலை கையிலிருந்த குச்சியை நீட்டினாள், யாராவது வாங்கிக்கொள்ளட்டும் என்று.

சிரித்தது மோகன்குமார். "அட, இதானா சமாச்சாரம்! உங்கிட்ட வாங்குன தட்டு எனக்கு எடை அள்ளிக்கிட்டு வந்துச்சுப்பா கதிரு. எனக்குக் கருது எதுக்கு, பாரந்தான் காசு. அக்கா, நம்ம காட்டுக்கு நீங்க இப்ப நடக்குறபடியே நடந்து போட்டுக் குடுங்க. நொண்டியடி!"

எல்லாரும் சிரித்தார்கள். உண்ணாமலைக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. இத்தனை நாள் பயந்த பயத்துக்கு அவன் சிரித்தது ஆறுதலாகத்தான் இருந்தது, நொண்டியடி என்றதும் வலிக்கத்தான் செய்தது.

"அவிய இனி எந்தக் காட்டுலயும் வெறுங்காலுல நடக்கமாட்டாங்க" என்றாள் சரிதா, வெடுக்கென்று. "உங்களுக்கு நெருக்கி ஓணும்னா கயித்துல முடிச்ச நெருக்கிப் போட்டுக்குங்க." கதிர்வேல் பக்கம் திரும்பினாள். "ஒரு கயிறு குடுங்கண்ணா. நீளமா."

கயிறு வந்தது. சரிதா உண்ணாமலையை வரப்பில் உட்கார வைத்தாள். எதிரே உட்கார்ந்து, அவளுடைய வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குதியிலிருந்து பெருவிரல் நுனிவரை கயிற்றை இழுத்து ஒரு முடிச்சு. மறுபடி குதி, மறுபடி விரல், இன்னொரு முடிச்சு. முறுக்குச் சுற்றுகிற கைதான், ஒன்றுபோல விழுந்தது. இந்தக் கயிற்றைப் பாரில் இழுத்துக் கட்டி முடிச்சுக்கு முடிச்சு குத்தினால் போதும், எந்தக் கால் நடந்தாலும் உண்ணாமலை அடிதான்.

உண்ணாமலை கூசிப்போனாள். காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். "நாந்தான் அம்மிணி உன்ற காலப் புடிக்கோணும். நீ எங்காலப் புடிச்சுக்கிட்டு..."

"ஆட்டாம வெய்யுங்க. முடிச்சு தப்பும்."

கடைசி முடிச்சு விழுந்ததும் சரிதா கயிற்றை உதறிக்கொண்டு எழுந்தாள். வரப்போரம் கிடந்த மெத்தென்ற செருப்புகளை எடுத்துவந்து உண்ணாமலையின் முன்னால் தொப்பென்று போட்டாள்.

"கால்ல தொட்டுக்கிட்டு எறங்குங்க. இருக்குற காலையும் தொலைச்சுப்போட்டு வந்து அதுக்கும் எங்கையத்தான் ஏசுவீங்க."

உண்ணாமலை கதிர்வேலைப் பார்த்தாள். விதைக்கிற மண்ணில் செருப்பா என்று கேட்க வேண்டியவன் அவன்தான். அவன் மோட்டார் ரூம் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, கயிற்றின் ஒரு முனையைக் கையில் பிடித்தபடி, முதல் ஆளாகப் பாரில் இறங்கினாள்.